வெள்ளிக் கோட்டையும் என் கையெழுத்தும்

நினைவு நாணயம் விற்கிற கடையில் வருகிறவர்களுக்கென்று நாற்காலி போட்டிருந்தாலும் யாரும் உட்காருவதில்லை. ஒரு காலை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு நின்றபடியேதான் விலை கேட்பார்கள்.

இன்சூரன்ஸ் பிடிக்க அலைந்தவர்கள், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள், "ஒரு நிமிஷம் பேசலாமா சார்" என்று போனில் கேட்டுத் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், மீதியை நான் சொல்ல வேண்டியதே இல்லை. நாமெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

நான் ஏரல்காரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கோப்பை, கேடயம், பொன்னாடை, வெள்ளி விளக்கு விற்கிற பரிசுப்பொருள் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒரு ஏஜென்சி எடுத்திருந்தார். வடக்கே உள்ள ஒரு கம்பெனி 'தேசத்தின் கோட்டைகள்' என்று வெள்ளிக் காசு வரிசை ஒன்று போட்டிருந்தது. அதில் பாளையங்கோட்டையும் ஒன்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் காசு, அதற்கு ஒரு சீல், அதைச் சுற்றி வெல்வெட், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மரப்பெட்டி. சீலை உடைத்தால் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

எனக்கு ஆறு மாதம் தற்காலிக வேலை. காசு நன்றாக விற்றால் நிரந்தரக் கடிதம் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். எங்கள் அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். தோள்பட்டை இறங்கிப்போய், ராத்திரி ஒருக்களித்துப் படுக்க முடியாது. என் கையில் அந்தக் கடிதம் வந்தால் சுமை தூக்கப் போகமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே வருகிறவர் ஒவ்வொருவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தபோது, நான் அவர்களைப் பயத்தோடு பார்த்தேன்.

கீல்

உவரியில் இருந்து ஒருவர் வந்தார். படகு வைத்திருப்பவர். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதாவது கௌரவமாகக் கொடுக்க வேண்டுமாம். பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் காசைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்து வளையம் போல ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்தது என்று அவரே சொன்னார். "வையுங்கள் ஐயா, வெள்ளி ஒட்டாது" என்றேன். கூட்டின் மேல் வைத்தார். ஒட்டவில்லை. திருப்பிப் போட்டு வைத்தார். ஒட்டவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் காந்தத்தை எடுக்கும்போது அது பெட்டி மூடியோரத்தில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. "அது கீல் ஐயா, இரும்பு. மூடி திறக்க வேண்டாமா?" என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் கீலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் வாங்கிக்கொண்டார். ஆனால் படியிறங்கும் முன் திரும்பி நின்று சொன்னார்: "கீலைத் தகரத்துல போட்டவன் காசை மட்டும் வெள்ளியில போட்டிருப்பானாம்மா?"

எவ்வளவு என்று எழுதாத காசு

இன்னொருவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காசின் ஒரு பக்கம் கோட்டை வாசல். மறுபக்கம் தாமரைப் பூவும் 'நம் பாரம்பரியம்' என்ற எழுத்தும். கூட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை ரூபான்னு போடலியே?"

"இது செலவழிக்கிற காசு இல்லை சார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது."

"செலவழிக்க முடியாத காசைக் காசு குடுத்து வாங்கணும், அப்படித்தானே?"

பிறகு தன் பர்ஸைத் திறந்து ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்து என் மேசையில் வைத்தார். அரசாங்கம் போட்டது. பத்து என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனாலும் நம் பக்கத்து டீக்கடைகளில் அதை நீட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் தன் காசைத் திரும்பப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். "எழுதின காசையே எவனும் நம்பமாட்டேங்கான். நீ எழுதாத காசைக் கொண்டாந்து வெச்சிருக்க."

நிலைக்கு அடியில்

சீல் வைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நாங்குநேரிக்காரர் ஒருவர். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தலைவாசல் நிலை வைக்கும்போது அடியில் நவதானியத்தோடு காசும் போடுவார்கள் அல்லவா, அதற்குக் கோட்டைக் காசு போட்டால் வீடு கோட்டை மாதிரி நிற்கும் என்று வந்திருந்தார். அவர் சந்தேகமெல்லாம் கொத்தனார் மேல்தான். "வெறுங்காசா குடுத்தா யாரும் பாக்காம பைய எடுத்து மடியில கட்டிக்கிடுவான். இப்படிக் கூட்டோட போட்டா முடியாதுல்லா?" என்று கேட்டு வாங்கிப் போனார். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். நிலை வைத்த அன்று காலையில் இருந்து சிமெண்ட் இறுகும் வரை நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம். மத்தியானச் சாப்பாடும் அங்கனேதானாம். "அப்போ நிம்மதிதானே ஐயா?" என்று கேட்டேன். "கொத்தனார் எடுக்கலை, அது உறுதி. நீ குடுத்தது வெள்ளிதானா, அதைப் பாக்கத்தான் இனி வழியே இல்ல."

சரிபார்த்தவர்

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை இருக்கும். அதில் இரண்டே வரி. 'இதில் உள்ளது தூய வெள்ளி. இதில் பொறித்திருப்பது பாளையங்கோட்டைக் கோட்டையின் பழைய வாசல்.' கீழே 'சரிபார்த்தவர்' என்று எழுதி ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவது என் வேலை. முதல் நாளே அண்ணாச்சியிடம் கேட்டேன், சீல் வைத்து வருகிறதை எப்படிச் சரிபார்ப்பது என்று. "இதுக்குத்தானே படிச்ச பிள்ளையா எடுத்தேன்" என்று பேனாவை நீட்டினார்.

என் கையெழுத்து கையெழுத்து மாதிரியே இருக்காது. அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுவார். அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, நானும் 'மா. பேச்சியம்மாள்' என்று முழுவதும் எழுதினால்தான் திருப்தி. அட்டையில் இந்தக் கடைசியில் ஆரம்பித்தால் அந்தக் கடைசி வரைக்கும் போகும்.

ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார். ஆண்டுவிழாப் பரிசுக்கு நாற்பது பெட்டி வேண்டும் என்றார். எங்கள் கடைக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததே இல்லை. உள்ளறையில் இருந்த அண்ணாச்சி வெளியே வந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். டீச்சர் மாதிரிப் பெட்டியில் இருந்த அட்டையை எடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி படித்தார். என் பெயரின் மேல் விரல் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மூலையில கம்பெனி பேரு கிறுக்கலா இருக்கு, முதலாளி பேரே இல்ல. உன் பேரு மட்டும் முத்து முத்தா இருக்கே. நாளைக்கு ஒண்ணுன்னா உன்னை மட்டும்தாம்மா தேடி வரமுடியும்."

ஆட்டோக்காரர் கேட்டது

கடை வாசலில் கோட்டைப் படம் போட்ட பெரிய விளம்பரத்தட்டி வைத்திருந்தோம். எதிரே ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரர் அதைத் தினமும் பார்ப்பார். ஒரு நாள் உள்ளே வந்தார். அண்ணாச்சியிடம்தான் பேச்சு. "என்ன வே, பாளையங்கோட்டையிலதான் இந்தக் கோட்டை இருக்கா?" அண்ணாச்சி, இருந்தது, பெரும்பகுதி இடிந்துபோய்விட்டது, மிச்சம் அங்கங்கே கட்டடங்களுக்கு நடுவில் நிற்கிறது என்றார். ஆட்டோக்காரர் தட்டியை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். "நான் பொறந்ததே இங்கதான். இவ்வளவு பெரிய வாசலை இடிச்சிருந்தா கல்லாவது கிடக்கணுமே, கல்லு எங்க வே?"

பட்டறையில்

டீச்சர் நாற்பது பெட்டியையும் உறுதி செய்துவிட்டு, அப்படிச் சொல்லிவிட்டுப் போனதில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்த வாரம் வந்த பார்சலில் ஒரு கூடு தானாகவே விரிசல் விட்டிருந்தது. அதை டவுனில் ஒரு வெள்ளிப் பட்டறையில் காட்டிப் பார்க்கலாமா என்று அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாத்துட்டு வா. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதே." அவரும் ஆரம்பத்தில் இருந்தே நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பட்டறைக்காரர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். தராசில் வைத்தார். நான் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். "அசல் வெள்ளிம்மா. எடையும் சரி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காசைத் திரும்பக் கொடுக்கப் போனவர், வேலைப்பாடு நன்றாக இருக்கிறதே என்று கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். வாசலின் மேல் குடை விரித்த மாதிரிச் சின்னச் சின்ன மண்டபங்கள். அதற்குக் கீழே ஏதோ ஒரு பிராணி. வெறுங்கண்ணுக்கு அது மாடு மாதிரி இருக்கும், நான் மாடு என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அவர் லென்ஸை என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். முதுகில் திமில், நீண்ட கழுத்து.

சரித்திரம் படித்தவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். மூன்று வருடமும் நான் ஆண்டுகளைத்தான் மனப்பாடம் செய்தேன். படம் எதுவும் பரீட்சைக்கு வராது. பட்டறைக்காரர் சிரிக்காமல் கேட்டார்: "வெள்ளியிலே குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. பாளையங்கோட்டையில ஒட்டகம் எப்பம்மா கட்டிக் கிடந்துச்சு?"

கம்பெனிக்குப் போன்

அண்ணாச்சியும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கம்பெனிக்குப் போன் செய்தார். அவர் பேசிய இந்தியும் அந்தப் பக்கத்தில் பேசிய ஆங்கிலமும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொண்டன. போனை வைத்துவிட்டு எனக்குச் சொன்னார். எல்லா ஊருக்கும் ஒரே அச்சுதானாம், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றுவார்களாம். "'உங்க கோட்டை முழுசா நிக்கா?'ன்னு கேட்டான். இல்லன்னேன். 'அப்ப யாரு வந்து ஒத்துப் பாக்கப் போறா?'ங்கான்."

நான் பட்டென்று சொல்லிவிட்டேன், இரண்டாவது வரிக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று. பள்ளிக்கூடத்து ஆர்டர் மறுநாள் காலையில் போக வேண்டும். திங்கட்கிழமையோடு எனக்கு ஆறு மாதம் முடிகிறது. அண்ணாச்சி நாற்பது அட்டைகளையும் என் மேசையில் அடுக்கினார். போட்டு வை, இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. வண்டியை எடுக்கும் முன் வாசலில் நின்று, உண்மையாகவே புரியாதவர் போலக் கேட்டார்: "வெள்ளி நெசந்தானே? ஊரே வெள்ளியைத்தான் உரசிப் பாக்கு, நீ ஏன்மா கோட்டையை உரசுத?"

நாற்பது அட்டைகள்

போடாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தத் துணிச்சலும் எனக்கு இல்லை. ஸ்கேல் வைத்து இரண்டு வரிகளையும் அடித்தேன். மேலே சின்ன எழுத்தில் எழுதினேன்: 'இந்த வகையில் ஒரு காசை மட்டும் உரைத்துப் பார்த்தோம், வெள்ளி. மற்றவற்றைப் பார்க்கவில்லை. படத்தில் இருப்பது பாளையங்கோட்டை இல்லை. எந்தக் கோட்டை என்று எனக்குத் தெரியாது.' கீழே மா. பேச்சியம்மாள். இப்படி நாற்பது தரம். முப்பதாவது அட்டையில் கை வியர்த்து மை கலைந்தது, அதைக் கிழித்துப் போடவும் பயந்து அப்படியே வைத்தேன். பஸ்ஸில் ஏரல் வந்து சேரும் வரை, அப்பாவிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் யோசித்தேன். வீட்டில் அவர் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தை அவரிடம் சொல்லாமல், எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி நானே தேய்த்துவிட்டேன்.

காலையில் டீச்சர் வந்தார். அண்ணாச்சியும் இருந்தார். பெட்டியைத் திறந்ததும் டீச்சர் அட்டையை எடுத்து வாய்விட்டுப் படித்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அண்ணாச்சிக்குத் தெரிந்ததும் அப்போதுதான். அவர் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. டீச்சர் இரண்டாவது பெட்டியையும் திறந்தார், மூன்றாவதையும் திறந்தார். எல்லாவற்றிலும் அதே. என்னைப் பாராட்டப்போகிறார் என்று, வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் மூடிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். "பிள்ளைகளுக்கு நான் புத்தகமே வாங்கிக் குடுத்துக்கிடுதேன். நீ இவ்வளவை ஒத்துக்கிட்டன்னா, ஒத்துக்கிடாதது இன்னும் எவ்வளவு இருக்கோ?"

பழைய வாடிக்கையாளர்கள்

அன்று சனிக்கிழமை. டீச்சர் போன பிறகு நாள் முழுக்க அண்ணாச்சி பெட்டிகளைக் கட்டிக்கொண்டும் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தார். எப்படியும் வேலை போய்விட்டது, போகும் முன் என் கையெழுத்தை நம்பி வாங்கியவர்களுக்காவது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொருவராகப் போன் செய்தேன். வெள்ளி சரி, படம் தப்பு, அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் தப்பு என்று சொன்னேன்.

உவரிக்காரர் முழுவதும் கேட்கவே இல்லை. "நான் கீலைப் பாத்து அன்னைக்கே சொன்னேன்லா!" என்று சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார். நாங்குநேரிக்காரர்தான் பொறுமையாகக் கேட்டார். வீடு முடிந்து பால் காய்ச்சியாகிவிட்டது என்றார். திரும்பக் கொடுப்பதென்றால் நிலையைப் பெயர்க்க வேண்டும் என்று அவரே யோசித்துச் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார். "கொத்தனாரை நாள் பூரா காவல் காத்தேன். எவன் கோட்டைக்கோ என் வீட்டை வாசலா ஆக்கினது நீதானா?"

திங்கட்கிழமை

மேசையில் இருந்த என் பேனாவையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போவதற்காக மட்டும் வந்தேன். கடையில் காசுப் பெட்டி ஒன்றுகூட இல்லை. விளம்பரத்தட்டி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அண்ணாச்சி உட்காரச் சொன்னார். வாடிக்கையாளர் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில், சரிபார்க்கிறவர் தவறு என்று எழுதித் தந்தால் சரக்கு முழுவதையும் கம்பெனியே திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததாம். அப்படி எழுதித் தருகிற ஆள் எந்த ஊரிலும் இருக்கமாட்டான் என்ற தைரியத்தில் சேர்த்திருப்பார்கள். இத்தனை மாதமாகச் சரியாக விற்காத சரக்கை எப்படித் தலையை விட்டு இறக்குவது என்று தவித்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு நான் நாற்பது பிரதி எழுதிக் கொடுத்திருந்தேன். மை கலைந்த அட்டை உட்பட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்சல் அனுப்பிவிட்டார். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் கம்பெனி போனிலேயே ஒப்புக்கொண்டுவிட்டதாம். முன்பே வாங்கியவர்கள் கேட்டால் அவர்களுக்கும் பணம் உண்டு என்றார்.

பிறகு ஒரு உறையை நீட்டினார். நிரந்தரக் கடிதம். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தேன். தேதி இருந்தது, முத்திரை இருந்தது, சம்பளம் சொன்னபடியே இருந்தது. அப்பாவின் தோளை நினைத்துக்கொண்டேன். பதவி என்ற இடத்தில் மட்டும் 'சரிபார்ப்பாளர்' என்று புதிதாக ஒன்று போட்டிருந்தது. எதைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டேன். அண்ணாச்சி மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "என்னைத் தவிர மத்த எல்லாத்தையும்."

நம்புங்கள் நம்புங்கள் என்று ஆறு மாதம் ஊரைக் கெஞ்சிய நான், இப்போது எதையும் நம்பாமல் இருப்பதற்காக மாதாமாதம் சம்பளம் வாங்குகிறேன்.